மூன்றாம் தடவையில் சரியாக வந்த காசுந்தி

கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு கடையில் மீன் ஃபிரை வாங்கினேன். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கொடுவா மீன். இங்கே அதற்கு பேட்கி என்று பெயர். தட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கரண்டி எதையோ ஊற்றிக் கொடுத்தார்கள். மீனை அதில் தோய்த்து வாயில் போட்டேன். நாக்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூச்சு கழித்து மூக்கின் உச்சியில் சுரீரென்று ஏறிக் கண்ணில் நீர் நின்றது. அடுத்த மூச்சில் அது இருந்த இடம் தெரியவில்லை. புளிப்பு மட்டும் நாக்கில் தங்கியது. அதுதான் காசுந்தி. கடுகை அரைத்து, மாங்காய்ப் புளிப்புச் சேர்த்து, வெயிலில் வைத்து எடுக்கும் வங்காளத்து விழுது. அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் தீராத ஆசை.

டாக்குரியாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார். வயது 78. தெருவில் எல்லோருக்கும் அவர் மாஷிமா, அதாவது பெரியம்மா; எனக்கும் அப்படித்தான். அவர் பிறந்த வீட்டுக்காரர்கள் இப்போது வங்கதேசத்தில் இருக்கும் பாரிசால் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வருடா வருடம் கோடையில் மூன்று ஜாடி காசுந்தி போடுவார். ஒரு சின்னப் பாட்டில் எங்கள் வீட்டுக்கும் வரும். தோள்வலி வந்த பிறகு இரண்டு வருடமாக அவரால் அரைக்க முடியவில்லை. கடையில் விற்கும் காசுந்தி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். "வினிகர்" என்று ஒரே சொல் சொல்லி மூடி வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பாட்டிலில் புளிப்பு இருந்தது, இனிப்பும் இருந்தது. மூக்கில் ஏற எதுவும் இல்லை.

இந்த ஏப்ரலில் நானே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூன்று தடவை போட்டேன். முதலாவது கசந்தது, இரண்டாவது செத்துப்போனது, மூன்றாவது வந்தது. மூன்றையும் எழுதி வைக்கிறேன். கெட்டுப்போன இரண்டிலும் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல் விஷயம். வங்காளத்தில் மிளகாயின் எரிச்சலுக்கு ‘ஜால்’ என்று ஒரு சொல், கடுகு மூக்கில் ஏறுவதற்கு ‘ஜாஞ்’ என்று வேறொரு சொல். இரண்டையும் அவர்கள் குழப்புவதே இல்லை. நாம் இரண்டையுமே காரம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நம்மிடமும் சொல் இருக்கிறது: நெடி. மிளகாய் வறுக்கும்போது நெடி ஏறுகிறது என்கிறோமே, அதுதான் கிட்டத்தட்ட ஜாஞ். இனிமேல் நெடி என்றே எழுதுகிறேன். காசுந்தியில் தேடுவது அந்த நெடியைத்தான்.

கடுகு வாங்கியது

கரியாஹாட் சந்தையில் இரண்டு வகைக் கடுகு வாங்கினேன். ஒன்று ‘ராய்’. கருப்பும் பழுப்புமான சின்ன மணி; நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் இந்த இனம்தான். இன்னொன்று மஞ்சள் கடுகு, மணி கொஞ்சம் பெரிது. இங்கே மஞ்சள் கடுகு என்று கிடைப்பது ஐரோப்பியர்கள் சாஸ் செய்யும் வெள்ளைக் கடுகு அல்ல, வேறு செடி. நெடி ராயில் அதிகம். மஞ்சளில் நெடி குறைவு, கசப்பும் குறைவு. அரைத்தால் வழவழப்பாக வரும். ராயை மட்டும் போட்டால் மண்டைக்கு ஏறும், மஞ்சளை மட்டும் போட்டால் சப்பென்று இருக்கும் என்று மாஷிமா சொன்னார். அவர் கணக்கு பாதிக்குப் பாதி.

கடுகைப் புடைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். பிரம்மதண்டுச் செடியின் விதை கடுகைப் போலவே உருண்டையாகக் கறுப்பாக இருக்கும். 1998-இல் டெல்லியில் அந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு உடம்பு வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பார்த்துப் பிரிப்பது கடினமில்லை. கடுகின் தோல் வழவழவென்று இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக, இன்னும் கறுப்பாக இருக்கும். நகத்தால் நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டு விதையின் உள்ளே வெள்ளை. எனக்குக் கிடைத்தது சுத்தமான கடுகு. நாலைந்து சின்னக் கற்களும் கொஞ்சம் தூசியும்தான் வந்தன.

முதல் தடவை

ராய்க் கடுகு 100 கிராம் மட்டும். மஞ்சள் கடுகு இருந்தும் சேர்க்கவில்லை. நெடி நிறைய வேண்டும் என்ற ஆசை. மிக்சியின் சின்ன ஜாரில் உலர்வாகப் போட்டு நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஓட்டினேன். ஜாரைத் தொட்டால் சூடு. பிறகு தண்ணீர் விட்டு இன்னும் மூன்று நிமிடம். கடைசியில் உப்பு, மஞ்சள்தூள், அரை எலுமிச்சைச் சாறு.

சாம்பலும் பழுப்புமாக ஒரு விழுது வந்தது. நுனிநாக்கில் வைத்தேன். நெடி பலமாக ஏறியது, ஆனால் அதற்கு முன்பே கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்றது போல நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

அன்று இரவு நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பச்சக் கடுகையா அரச்ச? கசக்கத்தான செய்யும் மக்கா. நாம கிச்சடிக்கு எவ்வளவு போடுவோம்? ஒரு ஸ்பூன்தானே. அதையும் வெண்ணெய் மாதிரி அரைக்க மாட்டோம்லா, சும்மா சதைக்கத்தான் செய்வோம்" என்றார்.

அந்தக் கிச்சடி எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் கட்டாயம் இருக்கும். வெள்ளரிக்காயும் தயிரும் தேங்காய் அரைப்பும் சேர்ந்தது. கடுகைச் சதைத்து அதில் போடுவார்கள். சின்ன வயதில் அந்த இலைமூலையில் மட்டும் மூக்கு சுரீர் என்னும். காசுந்தியைச் சாப்பிட்ட முதல் நாளே எனக்கு அது ஏன் பழகிய ருசி போலத் தோன்றியது என்று அம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது.

முதல் தடவையில் நான் செய்த தவறுகள் மூன்று. ராயை மட்டும் எடுத்தது ஒன்று. நிறுத்தாமல் மிக்சியை ஓட்டியது இன்னொன்று. தோல் தூளாகி, விழுது சூடாகிவிட்டது. மூன்றாவது, அரைத்த உடனேயே ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. பாதியைக் கொட்டிவிட்டேன். மீதியை ஒரு கிண்ணத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தபோது கசப்பு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது! புதிதாக அரைத்த கடுகு கசக்கும், இருக்க இருக்க அந்தக் கசப்பு தணியும். வெயிலில் வைக்கும் அந்த நாட்கள் சும்மா வைக்கப்படுவதில்லை என்று அப்போது புரிந்தது.

இரண்டாம் தடவை

மாஷிமாவிடம் செய்முறையைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல வங்காளத்திலிருந்து மனதுக்குள் தமிழாக்கி எழுதியதில் ஒரு சொல் விட்டுப்போனது. பழைய முறைக் காசுந்தியில் கடுகை இடித்துத் தூளாக்கி, காய்ச்சிய நீரில் கரைப்பார்கள். "காய்ச்சி, ஆறவைத்து" என்று அவர் சொன்னார். நான் எழுதியது "காய்ச்சி" வரைக்கும்தான்.

ராயும் மஞ்சளும் 50, 50 கிராம். இந்தத் தடவை மிக்சியை விட்டு விட்டு ஓட்டினேன், தூள் சூடாகவில்லை. கொதிக்கும் நீரை நேராக ஊற்றிக் கரைத்தேன். நல்ல மஞ்சள் நிறம், அருமையான பதம். பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்தேன். நெடியே இல்லை. மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு முகர்ந்தாலும் வேகவைத்த பயறு வாடைதான் வந்தது. வாயில் போட்டால் லேசான கசப்பு, வேறொன்றும் கிடையாது.

ஏன் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு கடுகின்மேல் மரியாதை வந்தது. கடுகு மணிக்குள் காரம் தயாராக இல்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது. அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி தனியாக வேறு செல்களில் இருக்கிறது. மணி நசுங்கி, ஈரமும் பட்டால்தான் இரண்டும் சேரும். சேர்ந்தால் பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட், நம் மூக்கில் ஏறும் நெடி. எளிதில் ஆவியாகிற பொருள் என்பதால்தான் நாக்கைத் தாண்டி மூக்குக்குப் போகிறது, சீக்கிரமே கலைந்தும் போகிறது. பூச்சி கடித்தால் திருப்பி அடிக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. கொதிநீரை ஊற்றினால் நொதி செத்துவிடும். சினிக்ரின் அப்படியே கிடக்கும். அதை உடைக்க ஆள் இருக்காது.

நாம் தாளிக்கும்போது நடப்பதும் இதுதான். எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடுகிறது. வறுபட்ட மணம் மட்டும் மிஞ்சுகிறது. பிறந்ததிலிருந்து தினமும் கடுகு சாப்பிட்டு வந்திருக்கிறேன், அதன் நெடியை வருடத்துக்கு நாலு கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆள்தான் இல்லை என்றால் ஆளை அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றியது. செத்துப்போன விழுது நன்றாக ஆறியதும், இரண்டு ஸ்பூன் கடுகைப் புதிதாக இடித்துக் குளிர்ந்த நீரில் குழைத்து அதில் கலந்தேன். கால் மணி நேரம் மூடி வைத்தேன். திறந்ததும் கண் எரிந்தது. இரண்டு ஸ்பூன் கடுகு மட்டும் தரக்கூடிய நெடி அல்ல அது. கிண்ணம் முழுவதும் எழுந்துவிட்டது. புதுக் கடுகின் நொதி பழைய விழுதில் கிடந்த சினிக்ரினையும் உடைத்திருக்கிறது. அந்த மாலை சமையலறையில் தனியாக நின்று அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன். அதை நாலு நாள் வைத்துப் பருப்புச் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்தோம். காசுந்தி என்று சொல்ல முடியாது, ஆனால் வீண் போகவில்லை.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "எறக்கின பொறவுதான் கடுகைப் போடணும்னு ஒனக்கு எத்தனை தடவ சொல்லிருக்கேன். கொதிக்கும்போ போட்டா கடுகு போட்டதுக்கே அடையாளம் இருக்காது" என்றார். ஆமாம், சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் தடவை

அட்சய திருதியை அன்று ஆரம்பி என்று மாஷிமா சொன்னார். நம் பக்கம் அந்த நாளில் நகைக்கடை வாசலில் நிற்கிறோம். வங்காளத்துப் பழைய வீடுகளில் அது காசுந்திக்குக் கடுகு கழுவும் நாள். பெண்கள் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு குளத்தில் கடுகைக் கழுவுவார்களாம். மடி, ஆசாரம் எல்லாம் பார்ப்பார்களாம். எல்லா வீட்டிலும் போடவும் மாட்டார்களாம். அந்தக் கட்டுப்பாடுகளில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஒரு வருடம் வைத்துச் சாப்பிடப் போகிற பொருளை அழுக்குக் கையோடு, அரைகுறையாகக் கழுவிய கடுகோடு தொடங்கக் கூடாது என்ற கவலை அதற்குள் இருக்கிறது. அந்தக் கவலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ராய் 75 கிராம், மஞ்சள் 75 கிராம். நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். மேலே மிதந்த பொக்கு மணிகளைத் தள்ளினேன். வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்தினேன். அடுத்த நாள் காலை, காய்ச்சி முழுவதும் ஆறிய நீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்தேன். ஊறிய கடுகு உப்பித் தோல் இளகும். அரைக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

மாங்காய் சந்தையில் வாங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் காலபைசாகி அடித்தது. சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் வெந்துவிட்டு, மாலையில் வடமேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து அடிக்கும் புயல்காற்று. பக்கத்து வீட்டு மரத்தில் இருந்து ஒரு சாக்கு மாங்காய் விழுந்தது. எங்களுக்கும் எட்டு கொடுத்தார்கள். கொட்டை இன்னும் முற்றாத பிஞ்சுக்காய். பல் கூசும் புளிப்பு. தோலும் கொட்டையும் நீக்கி 200 கிராம் சதையைத் துருவி வைத்தேன். அடிபட்டுக் கறுத்த இடங்களைத் தாராளமாகச் செதுக்கி எறிந்தேன்.

அரைப்பதற்கு மாஷிமா தன் கல்லைக் கொடுத்தார். இங்கே அதற்கு ஷில்-நோடா என்று பெயர். நம் அம்மியும் குழவியும்தான், ஆனால் தலைப்பக்கம் கூரை போலக் கூம்பியிருக்கும். அதில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. தெருவில் கூவிக்கொண்டு வந்து கல் கொத்திக் கொடுப்பவர்கள் போடும் மீன் அது. அம்மி கொத்துகிற குரலை எங்கள் ஊரில் கேட்டுப் பல வருடம் ஆயிற்று. டாக்குரியாவில் இப்போதும் எப்போதாவது ஒரு மதியத்தில் கேட்கிறது.

கல்லில் அரைப்பதற்கும் மிக்சிக்கும் வித்தியாசம் என்ன என்று அன்று கையில் தெரிந்தது. கல் சூடாவதில்லை. மணி நசுங்குகிறது, ஆனால் தோல் தூளாவதில்லை; மெல்லிய செதிலாக ஒதுங்குகிறது. மூன்று பங்காகப் பிரித்து அரைத்தேன். ஒவ்வொரு பங்கோடும் இரண்டு பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் உப்பு, தெளித்துத் தெளித்து ஆறின நீர். பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்தால் கடுகு கசக்காது என்பது இங்கே எல்லாச் சமையலறையிலும் சொல்லும் பேச்சு. இரண்டு சின்னக் கிண்ணங்களில் பிரித்துச் சோதித்தேன். உப்போடு அரைத்ததில் கசப்பு நிச்சயமாகக் குறைவாகத் தெரிந்தது. உப்பு நாக்கில் கசப்பை அமுக்கும் என்பது உண்மைதான். மிளகாய் என்ன செய்கிறது என்பது என் நாக்குக்குப் பிடிபடவில்லை, ஆனால் வாசனைக்காகவே அது வேண்டும்.

கல் இல்லாதவர்கள் மிக்சியில் செய்யலாம். ஊறவைத்த கடுகு, குளிர்ந்த நீர், ஐந்து விநாடி ஓட்டம், அரை நிமிடம் ஓய்வு. எட்டு, பத்து தடவையில் ஆகிவிடும். ஜார் வெதுவெதுப்பானால் நிறுத்திவிடுங்கள்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். அரைத்த விழுதில் உடனே மாங்காயைச் சேர்க்கவில்லை. மூடி போட்டுக் கால் மணி நேரம் விட்டேன். நொதி வேலை செய்யும் நேரம் அது. புளிப்பு சீக்கிரம் சேர்ந்தால் நொதி மந்தமாகிவிடும், நெடி முழுதாக எழாது. புளிப்பே சேர்க்காமல் விட்டால் எழுந்த நெடி சில மணி நேரத்தில் வீணாகிவிடும். புளிப்புதான் அதைப் பிடித்து வைக்கிறது. எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை எலுமிச்சையை நான் அரைத்த கையோடு பிழிந்திருந்தேன், அளவும் போதவில்லை.

கால் மணிக்குப் பிறகு மாங்காய்த் துருவலை அதே கல்லில் மைய அரைத்துக் கலந்தேன். அரை ஸ்பூன் மஞ்சள்தூள், பச்சைக் கடுகெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மொத்த உப்பு 20 கிராம். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வந்தது. கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கி விழும் பதம்.

காய்கனியின் பிஞ்சுப் புளிப்பையும் கடுகையும் சேர்ப்பது இங்கே மட்டும் தோன்றிய யோசனை அல்ல. பிரான்சில் டிஜோன் ஊரில் 1856-இல் ஜான் நைஜோன் என்பவர் வினிகருக்குப் பதில் பழுக்காத திராட்சையின் சாற்றை ஊற்றிக் கடுகு விழுது செய்தார்; அந்த ஊரின் பெயரே ஒரு கடுகுக்குப் பெயராகிவிட்டது. அங்கே திராட்சைக்காய், இங்கே மாங்காய். வினிகர் நாக்கைக் குத்துகிறது. மாங்காய்ப் புளிப்பு மென்மையாக இருக்கிறது, பின்னால் ஒரு வாசனையும் வருகிறது. மாஷிமா கடைப் பாட்டிலை மூடி வைத்ததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெயில்

கண்ணாடி ஜாடியை வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைக்காமல் வெயிலிலேயே காயவிட்டேன். விழுதை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பினேன். மேலே விரல் கனத்துக்குக் கடுகெண்ணெய். வாயில் மெல்லிய துணி கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். முக்கால் அளவு என்பதைக் கவனியுங்கள். வெயில் சூட்டில் விழுது கொஞ்சம் உப்பி மேலே வருகிறது.

முதல் நாள் சாயங்காலம் ருசி பார்த்தேன். நெடி கடுமை, கசப்பும் இருக்கிறது, புளிப்பு தனியாக நிற்கிறது. மூன்றும் மூன்று திசையில். மனம் தளரவில்லை, முதல் தடவை கற்றது கையில் இருந்தது.

இரண்டாம் நாள் நாலரை மணிக்கு வானம் கறுத்தது. நான் அலுவலகத்தில். வீட்டுக்கு ஓடிவந்தபோது மழை கொட்டி முடிந்திருந்தது. மாடியில் ஜாடி இல்லை. கீழே இறங்கினால் மாஷிமாவின் ஜன்னல் திட்டில் இருக்கிறது. தோள்வலியோடு இரண்டு மாடி ஏறி அவரே எடுத்து வந்திருக்கிறார். துணியில் ஒரு சொட்டு மழை படவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் ஜாடியைக் காட்டி, "மூன்றாம் நாள் நிறம் மாறும் பார், பாபா" என்று மட்டும் சொன்னார். பெரியவர்கள் இங்கே பிள்ளைகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

நிறம் மாறியது. சாம்பல் கலந்த மஞ்சள் போய், பழுப்பும் மஞ்சளுமாக ஆனது. ஓரத்தில் நாலைந்து சின்னக் குமிழி. கடுகின் நெடிக்கே பூஞ்சையையும் கிருமியையும் அடக்கும் தன்மை உண்டு. அதனால் மாவு புளிப்பது போலப் பொங்கி நுரைக்காது. உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறி, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி எண்ணெயால் மூடினேன்.

நான்காம் நாள், புளிப்பை அளக்கும் pH தாள் ஒன்றைத் தோய்த்துப் பார்த்தேன்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டதில் 4-க்குச் சற்றுக் கீழே காட்டியது. வீட்டில் எண்ணெய்க்கு அடியில் மூடி வைக்கும் எந்தப் பண்டத்துக்கும் இதைப் பார்ப்பது நல்லது. போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி 4.6-க்குக் கீழே வளர முடியாது. மாங்காய் முற்றிப் புளிப்பு இறங்கியிருந்தால் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது கொஞ்சம் எலுமிச்சை பிழிய வேண்டும். பூண்டு சேர்க்கலாமா என்று என் மனைவி கேட்டாள். சேர்க்கலாம், ஆனால் அப்போது இந்தச் சோதனை இல்லாமல் எண்ணெய்க்குள் மூடி வைக்க நான் துணிய மாட்டேன்.

ஐந்தாம் நாள் கசப்பு கிட்டத்தட்ட இல்லை. நெடி கொஞ்சம் தணிந்திருந்தது, ஆனால் மூக்குக்கு நேராகப் போகிறது. புளிப்பும் உப்பும் அதற்குப் பின்னால் ஒன்றாக வருகின்றன. ஜாடியைக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். வெளியிலேயே வைத்தால் நாளுக்கு நாள் நெடி குறைந்துகொண்டே போகும். புளிப்பு அதைத் தாமதப்படுத்தும், முழுதாக நிறுத்தாது. பாட்டிலை ஒரே பெரியதாக வைக்காமல் சின்னதாக மூன்றில் பிரித்தேன். ஒன்றைத் திறந்து தீர்க்கும்வரை மற்ற இரண்டும் மூடியே இருக்கும்.

மாஷிமாவின் தட்டில்

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சோறு வெந்து இறங்கியிருந்தது, கீரை வதக்கியிருந்தார்கள். வங்காளச் சாப்பாட்டின் தொடக்கத்தில் வருவது கீரையும் சோறும். காசுந்திக்கு மீன் ஃபிரையை விட மூத்த துணை அது. சூடான சோற்றில் கீரையை ஒதுக்கி, நடுவில் குழி பறித்து ஒரு ஸ்பூன் காசுந்தி விட்டார். மேலே எதுவும் ஊற்றவில்லை. பிசைந்து சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டார்.

"நுன் ஏக்டு கொம்" என்றார். உப்பு கொஞ்சம் குறைவு.

நெடி எப்படி என்று கேட்டேன். அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, மூக்குக்கே தெரியுமே என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஸ்பூன் எடுத்தார். தன் அம்மா மாங்காய்க்குப் பதில் சில வருடம் புளி போடுவார் என்றும், அந்த வருடங்களில் நிறம் இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்றும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கொய்யாக்காயையும் அம்பரலங்காயையும் நறுக்கிக் காசுந்தியில் பிசைந்து பள்ளிக்கூட வாசலில் விற்பார்கள் என்றும் சொன்னார். அது இப்போதும் கொல்கத்தாத் தெருவில் கிடைக்கிறது; வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், எச்சில் ஊறும்.

மாலையில் 5 கிராம் உப்பை இரண்டு ஸ்பூன் ஆறின நீரில் கரைத்து மூன்று பாட்டிலிலும் பங்கிட்டுக் கலந்தேன். ஆக, இதே அளவுக்கு இனி உப்பு 25 கிராம் என்று தாளில் திருத்தி எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு குறிப்பு: மஞ்சள் கடுகை 90 ஆக்கி ராயை 60 ஆகக் குறைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும், என் மகளுக்கு இந்த நெடி கொஞ்சம் அதிகம். மாங்காய்ப் பருவம் முடிந்ததும் புளியில் ஒரு சின்னப் பாட்டில்.

இரண்டாவது பாட்டில் ஜூனில் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு. மூடியில் மெழுகு வைத்து, பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அத கிச்சடியில சதச்ச கடுகுக்குப் பதிலா ஊத்தலாமா மக்கா?" தயிரின் புளிப்போடு இதன் புளிப்பும் சேர்ந்துவிடுமே என்று யோசித்தேன். தயிரைக் கொஞ்சம் புளிக்காததாக எடுத்தால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். போய்ச் செய்து பார்க்க வேண்டும்.